சாவு மோளத்தில் முடிந்த பாட்டு

டிக், டிக், டிக், டிக். மேளக்குச்சிகள் ஒன்றோடொன்று மோதுகின்றன. பிறகு ஒரு கிதார், தகரத்தில் ஆணி இழுத்த மாதிரி.

இன்று காலை கொட்டகலையில் பஸ் ஏறி, இடம் கிடைக்காமல் ஹட்டன் வரைக்கும் நின்றுகொண்டே போகையில் அது என் காதுக்குள் வந்தது. கடல் தாண்டி எங்கோ ஒரு குளிர் நகரத்தில், தன் சமையலறையில், குசினி மேசையில் வைத்துப் பாட்டுக் கெசட் பதிந்து விற்கிற ஒரு மனிதர் மாதா மாதம் புதிதாகச் சிலதை வெளியிடுவார். கெசட் போகிற அன்றைக்கே இணையத்திலும் ஏற்றிவிடுவார். இது இந்த மாதத்து முதலாவது. ஒன்றரை நிமிடப் பாட்டு. பாடுகிறவளுக்குத் தடிமன், மூக்கடைப்பை மறைக்கவில்லை. முடிகிற இடத்தில் மேளம் யாரையும் கேட்காமல் வேகம் பிடித்தது, இரட்டித்தது, வெட்டி நின்றது.

கம்பியைப் பிடித்திருந்த என் கை தானாகத் தளர்ந்தது.

"புடிச்சி நில்லுங்க, வளவு வருது," என்றார் பக்கத்தில் நின்ற அம்மா.

எனக்கு வளைவு தெரியவில்லை. தேயிலைக்குள் ஒருத்தி ஓடி வருவது தெரிந்தது. கொழுந்து பறிக்கிறவர்கள் இடுப்பில் கட்டுகிற படங்குச் சாக்கோடு, செருப்பில்லாமல், வாய் திறந்திருக்க, ஆனால் சத்தம் வராமல். என் தம்பியின் மனைவி.

அன்று நடந்ததை எழுதட்டுமா என்று போன மாதம் அவளிடம் கேட்டேன். "எழுதுங்க மதினி. யாருக்கும் பேரு மட்டும் போட்டுறாதீங்க," என்றாள். ஆகவே இதில் யாருக்கும் பேர் இல்லை.

நாங்கள் மூன்று பேர். நான் ஹட்டனில் ஓர் அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகைக்கும் மரண அறிவித்தலுக்கும் எழுத்தடிப்பவள். காலையில் மணமகள், மத்தியானம் அமரர். இரண்டுக்கும் நடுவில் காதில் பாட்டு. என் தம்பி அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தோட்டத்தில், நாங்கள் ஸ்டோர் என்று சொல்கிற தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்து அரைக்கிற இயந்திரத்துக்குப் பக்கத்தில் வேலை பார்த்தவன். மூன்றாவது ஆள், ஹட்டன் கடைவீதியில் போன் திருத்துகிற கடை வைத்திருக்கிற நானா. முஸ்லிம் கடைக்காரர்களை நாங்கள் எல்லாரும் நானா என்றுதான் கூப்பிடுவோம். இவரை நான் கூப்பிடுகையில் அது கூடப்பிறந்த அண்ணன் என்றே அர்த்தம் ஆகிவிட்டது.

இந்தப் பாட்டுகளுக்கு ஊரில் பேர் கிடையாது. வெளியில் கராஜ் பங்க் என்கிறார்கள். கார் நிறுத்துகிற கொட்டகையில் நாலு பேர் கூடி, கழுவாத கையோடு வாசிக்கிற இசை. மூன்று சுருதி தெரிந்தால் போதும், வெட்கம்தான் கூடாது. கிதாருக்குப் பதில் பழுதான மின் ஓர்கனைப் பிடித்து அழவைத்தால் அது சிந்த் பங்க். அதே அவசரத்தில் மெட்டு மட்டும் தேன் மாதிரி வழிந்தால் பவர் பொப். காதலில் தோற்றவன் சிரித்துக்கொண்டே பஸ்ஸைத் துரத்துகிற மாதிரி இருக்கும் அது. பெரிய கம்பனிகள் இதைத் தொடுவதில்லை. யாரோ ஒருவர் வீட்டுக் குசினியில், யாரோ ஒருத்தி கட்டிலுக்கடியில், கொஞ்சம் கெசட் செய்து அனுப்புவார்கள். வருகிறதெல்லாம் புதுசு. போன வாரம் பதிந்தது, இந்த வாரம் என் காதில். எனக்கு அந்தப் புதுசின் ஈரம் வேண்டும். நாற்பத்தைந்து வயதில் மனுசிக்குப் புதுசாக வருவது மூட்டு வலி ஒன்றுதான் என்று நினைத்திருந்த காலத்தில் இது வந்து சேர்ந்தது. ஒவ்வொரு வெளியீட்டைப் பற்றியும் தமிழில் நாலு வரி எழுதி இணையத்தில் போடுவேன். வாசிப்பவர்கள் ஒரு பஸ்ஸின் பின் சீட்டில் அடங்கிவிடுவார்கள்.

ஒரு நாள் போனில் சத்தம் கேட்கவில்லை என்று நானாவிடம் கொடுத்தேன். திருத்திவிட்டுச் சோதிக்க, அதிலிருந்த ஒரு பாட்டைப் போட்டார். ஓர்கன் ஒன்று குளவி மாதிரிக் கத்தியது. நானா கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்தார்.

"தங்கச்சி, ஸ்பீக்கர் இன்னும் பழுதா இரிக்கி போல."

"இல்ல நானா, அது பாட்டே அப்பிடித்தான்."

"இதுக்கு ஆளுங்க காசு குடுத்து வாங்குறாங்களா?"

"வாங்குறாங்க."

அவர் பின் தட்டைத் திரும்பிப் பார்த்தார். பள்ளிக்கூடங்களும் தேவாலயங்களும் திருத்தக் கொடுத்துவிட்டுத் திரும்பி வராத சின்ன ஓர்கன்கள், பிள்ளைகளின் விளையாட்டுப் பெட்டிகள். "அப்ப நான் இவ்வளவு காலமும் தங்கத்த குப்பைன்னு வெச்சிருந்திருக்கன்," என்றார். அடுத்த ஞாயிறே இரண்டு பெட்டிகளின் வயிற்றை அறுத்து ஒன்றாகத் தைத்திருந்தார். அது குளவியைவிட மோசமாகக் கத்தியது.

தம்பியின் கதை வேறு. அவனுடைய லயக் காம்பராவில், தோட்டத்து வரிசை வீட்டின் ஒற்றை அறையில், உட்கார்ந்து ஒரு புதுக் கெசட்டின் பாட்டைக் கேட்கவைத்தேன். ரொட்டித் தட்டின் விளிம்பில் அவன் விரல்கள் தானாக ஆடின.

"அக்கா, இவன் தப்பு அடிக்கிறான்."

"இது ட்ரம்ஸ்டா."

"ட்ரம்சோ கிரம்சோ. முடிவுல அடிச்சான் பாருங்க, அது கேத அடி. நம்ம அப்பா அடிச்சது."

எங்கள் அப்பா தப்படித்தவர். படித்து மேலே போன சொந்தக்காரர்கள் அதைச் சபையில் சொல்லவேண்டாம் என்பார்கள். தம்பி சொல்வான், சொல்வதோடு நிற்காமல் அடித்தும் காட்டுவான். தோட்டத்தில் ஓர் உயிர் போனால் முதலில் மலையில் கொழுந்து பறிக்கிறவர்களுக்குச் சொல்கிற அடிதான் கேத அடி. மூன்று அடி இடைவெளி விட்டு விட்டு, பிறகு ஒரே பாய்ச்சல், பிறகு வெட்டு. அது கேட்டால் பறிக்கிற கை நிற்க வேண்டும். கூடையை இறக்கி வைத்துவிட்டு இறங்கி வர வேண்டும். எல்லார் மடியிலும் போன் இருக்கிற காலம்தான். ஆனாலும் அந்த அடி கேட்டால் ஒருத்தரும் போன் எடுத்து "நெசமா?" என்று கேட்பதில்லை. மேளத்தைச் சந்தேகப்படுவது செத்தவரைச் சந்தேகப்படுவது மாதிரி.

இப்படி நாங்கள் ஒரு கூட்டமானோம். நான் கத்துவேன், நானா குளவியை ஓட்டுவார், தம்பி தப்பு. போனில் பதிந்து, கெசட் வெளியிடுகிற குசினிக்காரருக்கு அனுப்பினேன். ஒரே வரியில் பதில் வந்தது: ஐந்து பாட்டு தா, அடுத்த வெளியீட்டில் போடுகிறேன். ஞாயிறு ராத்திரிக்குள் வந்து சேர வேண்டும்.

அதே ஞாயிறு ராத்திரி தம்பிக்கு விமானம். வளைகுடா நாடொன்றில் ஒரு குளிர்சாதனக் கிடங்கில் வேலை. ஸ்டோரில் வாரத்தில் பாதி நாள் வேலை இல்லை. மாமனாருக்கு இழுப்பு, மருந்து நிற்பதில்லை. போகத்தான் வேண்டும் என்று அவன் முடிவு செய்திருந்தான். அவன் மனைவி போகாதே என்று ஒரு தரம்கூடச் சொல்லவில்லை. கட்டிலுக்கடியிலிருந்து பெட்டியை இழுப்பாள், அவன் சட்டைகளை மடித்து வைப்பாள், மறுபடி எடுத்து உதறுவாள், மறுபடி மடிப்பாள். அந்த வீட்டில் அந்த வாரம் வேறு பேச்சே இல்லை, பெட்டியின் பூட்டுச் சத்தம்தான்.

நாலு பாட்டு கையில் இருந்தது. ஐந்தாவதுக்கு 'அரைப்பேர்' என்று பேர் வைத்தோம். சொன்ன அளவு கொழுந்து பறிக்காவிட்டால் அந்த நாளுக்குப் பாதிச் சம்பளம். அதைத் தோட்டத்தில் அரைப்பேர் என்போம். வரிகள் என்னுடையவை, வரிகள் என்று சொல்லலாமென்றால்:

முழுசா நின்னேன், அரைப்பேரு.
முழுசா நனைஞ்சேன், அரைப்பேரு.
முழுசா பொறந்தேனே எங்கம்மா வயித்துல,
எவன்டா எழுதினது அரைப்பேரு?

அந்த வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் நானா கடையைத் திறக்காமல் குளவியைத் துவாயில் சுற்றிக்கொண்டு வந்துவிட்டார். பஸ்ஸில் போய் இறங்கி, மேல் லயத்துக்கு நடந்தோம். இஸ்தோப்பில், வீட்டு முன் திண்ணையில், மாமா, அதாவது தம்பியின் மாமனார், கம்பளிக்குள் உட்கார்ந்திருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து, வீட்டுக்குப் போகலாம் என்று துண்டு வெட்டி அனுப்பி இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. மூச்சு, கதவிடுக்கில் காற்று வருகிற மாதிரி விசிலடித்தது.

"பாய் என்னா கொண்டாந்திருக்காரு, புள்ளயா?" என்றார், துவாய் மூட்டையைப் பார்த்து.

"புள்ளதான். ஓயாம கத்தும்," என்றார் நானா.

லயத்துக்கு மேலே, கைவிடப்பட்ட பழைய பிள்ளைக்காம்பரா இருந்தது. வேலைக்குப் போகிற தாய்மார் குழந்தைகளை விட்டுப் போகிற அறை. புதிதாக ஒன்று கீழே கட்டியபிறகு இது சும்மா கிடந்தது. ஜன்னல்களில் சாக்குகளை அடைத்தோம். உள்ளே இன்னும் பால்மா வாடையும் மூத்திர வாடையும். ஒரு பாட்டுக்குப் போதுமான இருட்டு.

மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. பனிக்குத் தப்புத் தோல் தளர்ந்துபோகும்; மிலாற்றுக் குச்சிகளை, கவாத்து வெட்டிய தேயிலை வாதுகளை, வாசலில் கொளுத்தி அதில் தோலைக் காய்ச்சினான் தம்பி. கதவைச் சாத்தினால் புகை கண்ணைப் பிடுங்கியது. திறந்தால் குளிர். ஒவ்வொரு தரமும் சாத்துவதும் இருமுவதும் திறப்பதுமாக இருந்தோம். முதல் தரம் நான் வரியை விழுங்கினேன். அடுத்த தரம் குளவி செத்தது. நானா அதன் முதுகில் ஒரு அறை விட்டார், உயிர் வந்தது. தம்பி தப்பைக் காய்ச்சுவான், விரலால் சுண்டுவான், மறுபடி காய்ச்சுவான். விடிந்தால் சனி, அடுத்து ஞாயிறு. அவன் கழுத்து நரம்பு தெரிந்தது.

"கதவு கெடக்கட்டும்," என்றான். "புகையில அக்கா கத்துறது பூன கத்துற மாதிரி இருக்கு. தெறந்தே அடிப்போம்."

கதவு மலையைப் பார்த்த கதவு.

அந்தத் தரம் எல்லாம் சரியாக விழுந்தது. எப்படி என்று சொல்லத் தெரியவில்லை. என் குரல் என்னைவிட்டு ஓர் அடி முன்னால் ஓடியது. குளவி அதைத் துரத்தியது. கடைசி "அரைப்பேரு" முடிந்த இடத்தில், பேசிவைத்த மாதிரி, தம்பி மூன்று அடி விட்டு விட்டு அடித்தான். பிறகு பாய்ந்தான். தப்பு அறைக்குள் அடங்கவில்லை. வாசல் வழியாக வெளியே போனது, பனியில் ஏறிப் படர்ந்தது, எதிர் மலையில் மோதித் திரும்பி வந்தது. வெட்டு. நின்றது.

நானா விரலைத் தூக்கினார், பேசாதீங்க என்று. பதிவின் கடைசி அமைதியும் வேண்டும் அவருக்கு. அந்த அமைதியில்தான் கேட்டது. மேலே, பனிக்குள், ஒரு பெண் குரல்: "ஐயோ." அடுத்து இன்னொன்று. கூடைகள் இறங்குகிற சத்தம்.

தம்பி தப்போடு வாசலுக்குப் பாய்ந்தான்.

அந்த மலையில் அன்றைக்குக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவர்களில் அவன் மனைவியும் ஒருத்தி. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இரண்டு நாளான அப்பா லயத்தில். கேத அடி லயத்துப் பக்கமிருந்து. அவளுக்கு வேறென்ன கணக்கு வேண்டும்?

தேயிலை வரிசைகளைப் பிளந்துகொண்டு அவள் இறங்கினாள். பாதையில் வரவில்லை, நேராக, செடிகளுக்குமேல் விழுவது மாதிரி. எங்கள் வாசலைத் தாண்டித்தான் ஓடினாள். தப்பைக் கையில் வைத்தபடி நின்ற புருசனைக் கண்டாளா என்றுகூடத் தெரியவில்லை. தம்பி "ஏ புள்ள, இல்ல, இல்ல" என்று கத்தினான். அவள் போய்விட்டாள். நாங்கள் பின்னால் ஓடினோம்.

இஸ்தோப்பில் மாமா பிஸ்கட்டைத் தேத்தண்ணியில் நனைத்துக்கொண்டிருந்தார். மகள் வந்து முன்னால் நின்றதும் நிமிர்ந்து பார்த்தார்.

"என்னா, மழையா?" என்றார்.

அவள் அப்படியே கல்லில் உட்கார்ந்துவிட்டாள். கை இரண்டிலும் கீறல், பாதத்தில் ரத்தம். பிஸ்கட் நனைந்து கிண்ணத்துக்குள் விழுந்தது. "பாரு, ஒன்னாலதான்," என்றார் மாமா.

அதற்குள் மற்றப் பெண்கள் வந்து சேர்ந்துவிட்டார்கள். சிலர் வருகையிலேயே ஒப்பாரிக்குக் குரலைத் தயார் செய்துகொண்டு வந்தவர்கள். மாமா உட்கார்ந்திருப்பதைக் கண்டதும் அந்தக் குரலை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்கள்.

"யாரு போனது?"

"யாரும் போகல. பாட்டாம்."

"பாட்டா? கேத அடிக்கிறதுதான் பாட்டா? மாமா, ஒங்க மருமகன் பொட்டிய கட்டுறதுக்கு முந்தி ஒங்கள கட்டிட்டுப் போகப் பாக்குறாரு!"

ஒருத்தி சிரித்தாள். மற்றவர்கள் சிரிக்கவில்லை. கூடைகள் மலையில் கிடந்தன, பொழுது போய்க்கொண்டிருந்தது. மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. கண்டாக்கையா, வெளிக்கள வேலையைப் பார்க்கிற உத்தியோகத்தர், இறங்காமலே சீட்டில் இருந்தபடி விசயத்தைக் கேட்டார். தம்பி நடந்ததைச் சொன்னான். நானா மன்னிப்புக் கேட்டார்.  

"சாவுன்னா நான் வேல நிப்பாட்டலாம். பாட்டுக்கு நிப்பாட்ட ஏலாது," என்றார் கண்டாக்கையா. "நிறுவைல கொறஞ்சா அரைப்பேருதான். நான் என்ன செய்ய?"

அரைப்பேர் பாட்டுக்கு இறங்கி வந்தவர்களுக்கு அரைப்பேர். நானா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

போகையில் கண்டாக்கையா தம்பியிடம் தணிந்த குரலில் சொன்னது எனக்கும் கேட்டது. "நீ ஞாயித்துக்கெழம பறந்துருவ. இவங்க மூஞ்சிய பாத்துக்கிட்டு இங்க இருக்கப்போறது ஒன் பொஞ்சாதி. அத யோசிச்சியா?"

பெண்கள் ஏறிப் போனார்கள். பனிக்குள் நுழையும்வரை திட்டிக்கொண்டே போனார்கள். சாவில்லாமல் கேத அடி அடித்ததற்காகக் கோயில் பெரியவர்கள் வந்து தப்பை வாங்கிப் போய்ப் பூட்டிவிட்டார்கள். இனி அடிக்கத் தப்பும் இல்லை, ஞாயிறு போனால் ஆளும் இல்லை. நானாவின் போனில் அந்தப் பதிவு ஒன்றுதான் மிச்சம்.

பொழுது சாயுமுன் தம்பியின் மனைவி பீலிக்குப் போனாள். மலையிலிருந்து குழாய் வழியாகத் தண்ணீர் விழுகிற இடம். நானும் கூடப் போனேன். கீறல்களில் தண்ணீர் படும்போது பல்லைக் கடித்தாள்.

"மன்னிச்சிக்க புள்ள," என்றேன்.

"எதுக்கு மதினி? நான் ஓடி வர்றப்ப என்னா நெனச்சேன்னு தெரியுமா?"

"அப்பாவத்தானே."

"அப்பாவத்தான். அப்பா போயிட்டாருன்னு நெனச்சேன். அடுத்த மூச்சுல..." தண்ணீரில் கையை விட்டபடி நின்றாள். "எங்கப்பாவுக்கு ஆம்புளப் புள்ள இல்ல. கொள்ளி வைக்க இவருதான். கருமாதி முடியாம பயணம் போக ஏலாது. இனி இவரு போக மாட்டாருன்னு நெனச்சேன் மதினி. அந்த நேரத்துல என் காலு இன்னும் வேகமா ஓடிச்சி. அழுதுகிட்டு ஓடுனேன்னு எல்லாரும் நெனச்சிருப்பாங்க. என் மனசுக்குள்ள என்னா இருந்திச்சின்னு எனக்குத்தான் தெரியும்."

தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.  

"வந்து பாத்தா, பிஸ்கட்டு திங்கிறாரு," என்றாள். சிரித்தாள், உடனே முகத்தை மூடிக்கொண்டாள். "அந்தப் பாட்ட வெளியில விட்டுறாதீங்க. ஊரெல்லாம் கேக்கும். கேக்குற நேரமெல்லாம் நான் அப்பிடி ஓடிக்கிட்டே இருப்பேன்."

சனிக்கிழமை நானாவின் கடையில், முன்னால் ஆட்கள் போன் நீட்டிக்கொண்டிருக்க, பின்னறையில் அதைக் கேட்டோம். ஒரு தரம். இன்னொரு தரம். மோசமாக இருந்திருந்தால் நிம்மதி. அது நான் கேட்ட எந்தப் புது வெளியீட்டுக்கும் குறையவில்லை. என் வாழ்க்கையில் நான் செய்த எதுவும் அதுபோல ஓடவில்லை. கடைசியில், வெட்டுக்குப் பிறகான அமைதியில், மிக மெல்ல அந்த "ஐயோ"வும் பதிந்திருந்தது.

குசினிக்காரரிடமிருந்து செய்தி வந்தது. நாலு பாட்டும் கேட்டேன், நல்லது. ஐந்தாவது எங்கே?

"வாலை வெட்டிருவம்," என்றார் நானா. "மேளம் தொடங்குற இடத்துல நிப்பாட்டிருவம். யாருக்குத் தெரியப்போகுது?"

வெட்டிக் கேட்டோம். பஸ் வளைவில் திரும்பாமல் நின்றுவிட்ட மாதிரி இருந்தது. நானாவே தலையை ஆட்டினார். "இல்ல தங்கச்சி. இது தலையில்லாத கோழி." என்னைப் பார்க்காமல், "ஒங்களுக்கு ஓனும்னா அனுப்புவம். நான் ஒண்டும் சொல்ல மாட்டன்," என்றார்.

எனக்கு வேண்டும். அதைச் சொல்ல என்ன வெட்கம்? எத்தனை பேரின் பாட்டுக்கு நான் நாலு வரி எழுதியிருக்கிறேன். எங்கோ ஒரு நகரத்தில் ஒருத்தி பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு என் குரலைக் கேட்டுக் கையைத் தளரவிட வேண்டும் என்று எனக்கு வேண்டும். விரல் அனுப்புகிற பொத்தானுக்குமேலேயே நின்றது. பிறகு தம்பிக்குப் போன் எடுத்தேன். வெள்ளி ராத்திரியே அவனிடம் அவள் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள், பீலியில் சொன்னதையும்.

"நான் என்னா சொல்ல அக்கா," என்றான். "அவ வெளியில விடச் சொன்னா விடுங்க. இல்லாட்டி கெடக்கட்டும். நாளைக்கி ரயில் ஏறுறதுக்குள்ள கேக்குறேன்." பின்னால் பெட்டியின் பூட்டுச் சத்தம் கேட்டது. "அதுக்குப் பொறகு அவ எங்கிட்ட பேசுறதில்ல. மாமாதான் பேசுறாரு. எனக்கு அடிச்ச மோளத்த எனக்கே போட்டுக் காட்டலியேன்னு கோவம் அவருக்கு."

ஞாயிறு காலை ஹட்டன் ஸ்டேசனில் நின்றோம். நானாவும் கடையைச் சாத்திவிட்டு வந்திருந்தார். தம்பி புதுச் சட்டையில் யாரோ போல இருந்தான். அவள் ரொட்டிப் பார்சலை நெஞ்சோடு அணைத்தபடி தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கையில் கீறல்கள் கறுத்திருந்தன. மாமாவைப் பக்கத்து வீட்டில் விட்டு வந்திருக்கிறாள், சீக்கிரம் போக வேண்டும் என்றாள் என்னிடம். அவனிடம் எதுவும் சொல்லவில்லை.

ரயில் சத்தம் கேட்டது, வளைவுக்கு அப்பாலிருந்து. நான் அவன் முகத்தைப் பார்த்தேன். கேளுடா. அவன் பெட்டியைத் தூக்கினான், வைத்தான். ரயில் வந்து நின்றது. ஏறினான். ஜன்னலுக்கு வந்தான். அவள் பார்சலை நீட்டினாள். அவன் பார்சலைப் பிடிக்காமல் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான், கீறல்களுக்குமேல்.

"பாட்ட என்னா செய்ய?" என்றான்.

அவள் என்னைப் பார்த்தாள். என் முகத்தில் இருந்ததெல்லாம் அவளுக்குத் தெரிந்திருக்கும். மறைக்க எனக்கு வரவில்லை. கார்டு கொடியைத் தூக்கினார்.

"நாலு பாட்ட அனுப்புங்க மதினி," என்றாள். பிறகு ஜன்னலைப் பார்த்து, வெள்ளி ராத்திரிக்குப் பிறகு முதல் தடவையாக அவனிடம் பேசினாள். "அது கெடக்கட்டும். நீங்க திரும்பி வந்து, கதவ சாத்திட்டு, மறுபடி அடிங்க. அந்த ஐயோ அதுல இருக்கக் கூடாது."

நானா எங்கோ பார்த்துக்கொண்டு மூக்கைத் துடைத்தார். ரயில் அசைந்தது. அவள் கையை விடாமல் கூடவே இரண்டெட்டு வைத்தாள், பிறகு எட்டுகள் ஓட்டமாயின.

"கடைசிய மெதுவா அடிக்கவா புள்ள?" என்று கத்தினான் தம்பி. "இல்ல அதே வேகமா?"

"நான் ஓடி வந்த வேகத்துல அடிங்க!"